வாபஸ் வாங்கிய கோரிக்கை: மெக்மில்லின் ஆல்பனி வழக்கு

கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டி நீதிமன்றத்தில் 2013-இல் ஒரு வழக்கு பதிவானது. 37 புது வீடுகளை வாங்கியவர்கள் ஒன்றுசேர்ந்து, அவற்றைக் கட்டி விற்ற மெக்மில்லின் ஆல்பனி நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு. அஸ்திவாரம், குழாய், மின் இணைப்பு, கூரை, ஜன்னல், தரை, புகைபோக்கி என்று வீட்டில் அவர்கள் குறை சொல்லாத பாகம் அநேகமாக எதுவும் இல்லை. குறைகளால் வீட்டுக்குச் சேதம், ரிப்பேர் செலவு, மதிப்பும் இறங்கிவிட்டது, நஷ்ட ஈடு வேண்டும் என்று கேட்டார்கள்.

மனுவில் இரண்டு வகைக் கோரிக்கைகள் இருந்தன. ஒரு வகை, நீதிபதிகளின் தீர்ப்புகளால் காலங்காலமாக வளர்ந்துவந்த பொதுச்சட்டத்தைச் சார்ந்தது: கவனக்குறைவு, குறையுள்ள பொருளை விற்றதற்கான கண்டிப்பான பொறுப்பு, ஒப்பந்த மீறல், உத்தரவாத மீறல். இன்னொன்று, 2002-இல் சட்டமன்றம் இயற்றிய எஸ்.பி. 800 (செனட் மசோதா 800) என்ற சட்டம் வகுத்த கட்டுமானத் தரங்களை மீறியதற்கானது. பில்டர் தரப்பு வந்து ஒரு யோசனை சொன்னது. அந்தச் சட்டப்படி முதலில் எங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்க வேண்டும், வீடுகளைப் பார்த்து ரிப்பேர் செய்ய எங்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை, ஆகவே வழக்கை நிறுத்திவைத்துவிட்டு இப்போதாவது அதைச் செய்வோம், சம்மதமா?

வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை. அதற்குப் பதிலாக எஸ்.பி. 800-இன் கீழ் தாங்கள் கேட்டிருந்த கோரிக்கையை மட்டும் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் இனி நாங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆகவே அதில் சொன்ன நோட்டீஸும் ரிப்பேர் வாய்ப்பும் எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது வாதம். இந்த ஒரு நகர்வு சரியா தவறா என்று முடிவாக வருஷக்கணக்கில் ஆனது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது.

கேட்டவுடன் இது வக்கீல் தந்திரம் என்று தோன்றும். ஆனால் அன்றைய நிலையில் இந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பே நின்றது. அது எப்படி வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

எஃகுக் குழாயும் விழாத சுவரும்

புது வீட்டில் குறை இருந்தால் பில்டரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்பது கலிபோர்னியாவில் தீர்ப்பு தீர்ப்பாகச் சேர்ந்த உரிமை. 1950-களின் தொடக்கத்தில் கொரியப் போரால் செம்புக்குத் தட்டுப்பாடு. பாலோ ஆல்டோ பக்கம் வரிசை வரிசையாக வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்த ஐக்லர் ஹோம்ஸ், தரைக்குள் வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் குழாய்களுக்குச் செம்பை விட்டு எஃகைப் போட்டது. சில வருஷங்களில் எஃகு அரித்தது. 1959-இல் ஒரு வீட்டில் அந்த அமைப்பே செயலிழந்து, குடியிருந்தவர் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ரிப்பேர் முடியும் வரை வேறிடத்தில் தங்க வேண்டியதாயிற்று. அந்த வழக்கில் 1969-இல் வந்த தீர்ப்பு, தொழிற்சாலைப் பொருள் செய்து விற்பவருக்கு என்ன பொறுப்போ அதேதான் மொத்தமாக வீடு கட்டி விற்பவருக்கும் என்றது. பில்டர் அசட்டையாக இருந்தாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை. கொடுத்த பொருளில் குறை இருந்தது, அதனால் சேதம் வந்தது, அது போதும்.

"சேதம் வந்தது" என்ற அந்த நிபந்தனையில்தான் பிறகு எல்லாம் சிக்கிக்கொண்டது.

2000 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றத்தின் முன் சான் டியேகோ பகுதி வீட்டுக்காரர்களின் வழக்கு ஒன்று வந்தது. நிலநடுக்கத்தின்போது கட்டடம் பக்கவாட்டில் சாயாமல் தாங்க வேண்டிய சுவர்களும், தீ ஒரு வீட்டிலிருந்து அடுத்ததற்குப் பரவாமல் தடுக்க வேண்டிய சுவர்களும் விதிப்படி இல்லை என்று புகார். நீதிமன்றம் கேட்டது, நிலநடுக்கம் வந்ததா? தீ பிடித்ததா? இல்லை. அப்படியானால் இன்னும் சேதம் எதுவும் நேரவில்லை, நேராத சேதத்துக்குக் கவனக்குறைவு வழக்கில் ரிப்பேர் செலவு கேட்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். வேறு கொள்கை வேண்டுமென்றால் அதைச் சட்டமன்றம்தான் வகுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். தலைமை நீதிபதி ரொனால்ட் ஜார்ஜ் இதை ஏற்கவில்லை. நிலநடுக்கப் பகுதியில் குடியிருப்பவரிடம், சுவர் விழுந்த பிறகு வா என்று சொல்வதுபோல்தான் அந்தத் தீர்ப்பு இருந்தது. எனக்கு இன்றைக்கும் அது சரியென்று படவில்லை.

மறுபக்கம் பில்டர்களுக்கும் அவர்களுடைய காப்பீட்டு நிறுவனங்களுக்கும் வேறு குறை. கட்டடத்தில் ஒரு ஜன்னல் ஒழுகினால் யாரும் எங்களிடம் சொல்வதில்லை, நேராக வக்கீல் நோட்டீஸ்தான் வருகிறது, பிரீமியம் ஏறுகிறது, அந்தச் செலவு வீட்டு விலையில் ஏறுகிறது என்றார்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் வழக்குக்கு முன் பில்டருடன் பேசிப் பார்க்க வேண்டும் என்று 1995-இலேயே கால்டெரான் சட்டம் வந்திருந்தது. அது போதவில்லை என்பது அவர்கள் கட்சி.

இரண்டு தரப்பையும் உட்காரவைத்து உருவான பேரம்தான் எஸ்.பி. 800. முன்மொழிந்தவர் மாநில செனட் தலைவராக இருந்த ஜான் பர்ட்டன், கையெழுத்திட்டவர் ஆளுநர் கிரே டேவிஸ், ஆண்டு 2002. 2003 ஜனவரி 1 முதல் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான புது வீடுகளுக்கு அது பொருந்தும். 'ரிப்பேர் உரிமைச் சட்டம்' என்ற பெயர் நிலைத்துவிட்டதால், பில்டருக்காக மட்டும் போட்ட சட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது என்ன என்று பார்க்காமல் மெக்மில்லின் தீர்ப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

சட்டத்தின் பிரிவு 896 ஒரு இஞ்சினியரின் சோதனைப் பட்டியல் மாதிரி நீள்கிறது. கதவு, ஜன்னல், கூரை வழியாகத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. குழாய் ஒழுகக்கூடாது. அஸ்திவாரம் கட்டடத்தைத் தாங்க வேண்டும். மின் இணைப்பு தீ விபத்துக்கு இடம் தரக்கூடாது. வீடு இந்தத் தரத்தில் இல்லை என்று காட்டினால் போதும், அதனால் சேதம் வந்ததா, யார் அசட்டையாக இருந்தார்கள் என்று பில்டருக்கு எதிராக நிரூபிக்க வேண்டாம் என்கிறது பிரிவு 942. 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு மூடிய கதவை இது முழுக்கத் திறந்துவிட்டது. விழாத சுவருக்கும் இனி கேட்கலாம்.

அதற்கு விலை இரண்டு. ஒன்று, கோர்ட்டுக்கு முன் பில்டருக்கு ஒரு வாய்ப்பு. இரண்டாவதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அது கெடு. பொதுவாகப் பத்து வருஷம் என்றாலும், குழாய் அமைப்போ மின் இணைப்போ சரியாக இயங்காததற்கு நாலே வருஷம், பெயின்டுக்கு ஐந்து, மருந்து பூசாத மரவேலிக் கம்பங்களுக்கு இரண்டு, தோட்டத்து நீர்ப்பாசன அமைப்புக்கு ஒன்று. ஐந்தாவது வருஷம் மின் இணைப்பு சரியாக இயங்காமல் போனால்? சட்டப்படி காலம் கடந்துவிட்டது.

உடைந்த ஸ்பிரிங்ளர் குழாய்

இதே கெடுவிலிருந்துதான் முதல் பிளவு வந்தது. 2008-இல் ஒரு புது வீட்டில் தீயணைப்பு ஸ்பிரிங்ளர் குழாய் உடைந்து வீடு வெள்ளக்காடானது. கட்டிய ப்ரூக்ஃபீல்ட் நிறுவனம் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டு ரிப்பேரும் செய்துகொடுத்தது. இடையில் வீட்டுக்காரர் ஓட்டலில் தங்க வேண்டியிருந்த செலவை அவருடைய காப்பீட்டு நிறுவனமான லிபர்டி மியூச்சுவல் கொடுத்தது. பிறகு அந்தப் பணத்தைப் பில்டரிடம் கேட்டு வழக்குப் போட்டது. எஸ்.பி. 800-இன் கெடு முடிந்துவிட்டது என்று கீழ்க்கோர்ட் வழக்கைத் தள்ளியது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. சேதம் நேராத குறைகளுக்கு வழி செய்யத்தான் இந்தச் சட்டம் வந்தது, உண்மையிலேயே சேதம் நேர்ந்தவருக்குப் பொதுச்சட்டத்தில் ஏற்கெனவே இருந்த உரிமையை இது பறிக்கவில்லை என்று சொன்னது. அடுத்த வருஷம் இன்னொரு அமர்வும் இதையே பின்பற்றியது.

நியாயம் என்னவோ கேட்க நன்றாகத்தான் இருந்தது. ரிப்பேர் செய்துகொடுத்த பில்டர், ஓட்டல் செலவுக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது என்று சொல்வது யாருக்கும் உறுத்தும். ஆனால் அந்தத் தீர்ப்பு திறந்த வாசல் மிகப் பெரியது. சேதம் நேர்ந்திருந்தால் எஸ்.பி. 800 தேவையே இல்லை, பொதுச்சட்டப்படி நேராக வழக்குப் போடலாம் என்றாகிவிட்டது. ஒழுகும் கூரையில் சேதம் இல்லாமல் இருக்குமா? மெக்மில்லின் வீட்டுக்காரர்கள் தங்கள் சட்டக் கோரிக்கையை வாபஸ் வாங்கியது இந்த வாசலை நம்பித்தான். வழக்கை நிறுத்திவைக்கும்படி பில்டர் போட்ட மனுவைக் கெர்ன் கவுண்டி நீதிமன்றமும் இந்தத் தீர்ப்புகளைச் சொல்லியே நிராகரித்தது.

பில்டர் மேலே போனார். ஐந்தாவது மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் லிபர்டி மியூச்சுவல் தீர்ப்பை ஏற்க மறுத்து பில்டர் பக்கம் நின்றது. ஒரே மாநிலத்தில், ஒரே சட்டத்துக்கு, ஊருக்கு ஒரு பொருள். உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டிய கட்டம் வந்தது.

2018 ஜனவரி 18

நீதிபதி குட்வின் லியு எழுதிய ஒருமித்த தீர்ப்பு அன்று வெளியானது. கலிபோர்னியா நீதிபதிகளில் லியு பில்டர்களுக்குச் சாய்வானவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதனாலேயே தீர்ப்பின் வாதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

அவர் சட்டத்தின் மூன்று பிரிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார். பிரிவு 896, வீட்டுக் கட்டுமானக் குறைகளால் எழும் நஷ்ட ஈட்டை நாடும் எந்த வழக்கிலும் கோரிக்கைகள் இந்தச் சட்டத்தின் தரங்களுக்குள் அடங்க வேண்டும் என்கிறது. 'எந்த வழக்கிலும்' என்றுதான் இருக்கிறது, சேதம் நேராத வழக்கில் என்று இல்லை. பிரிவு 944, என்னென்ன கேட்கலாம் என்று சொல்கிறது. குறையைச் சரிசெய்யும் செலவு, குறையால் வீட்டில் வந்த மற்றச் சேதங்களைச் சரிசெய்யும் செலவு, தற்காலிகமாக இடம் மாறும் செலவு, சாமான் வைக்கும் செலவு எல்லாம் அதில் வருகின்றன. கடைசியில் பிரிவு 943: இந்தச் சட்டம் கையாளும் கோரிக்கைக்கோ, 944-இன் கீழ் கேட்கக்கூடிய நஷ்ட ஈட்டுக்கோ வேறு எந்த வழக்குக்கும் அனுமதி இல்லை.

மூன்றையும் கோத்தால் விடை தானாக விழுகிறது. வீட்டுக்கு நேர்ந்த சேதம் 944-இல் இருக்கிறது. 944-இல் இருப்பதற்கு வேறு வழக்கு இல்லை என்று 943 சொல்கிறது. ஆகவே கவனக்குறைவு, கண்டிப்பான பொறுப்பு என்று மனுவுக்கு எந்தப் பெயர் சூட்டினாலும், உள்ளே இருப்பது வீட்டுக் குறைக்கான நஷ்ட ஈடு என்றால் அது எஸ்.பி. 800-இன் வழியாகத்தான் போக வேண்டும். சரக்கு அதேதான், மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டால் சுங்கச்சாவடியைத் தாண்டிவிட முடியாது.

வீட்டுக்காரர்களிடம் இன்னும் ஒரு வலுவான வாதம் இருந்தது. காலங்காலமாக இருந்த பொதுச்சட்ட உரிமையைச் சட்டமன்றம் ஒழிக்க நினைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், மௌனத்திலிருந்து ஊகிக்கக் கூடாது. கொள்கையளவில் நீதிமன்றமும் இதை ஒப்புக்கொண்டது. ஆனால் இங்கே சட்டம் மௌனமாக இல்லை, வார்த்தையிலேயே சொல்லியிருக்கிறது என்றது. எதையெல்லாம் விட்டுவைத்தது என்பதும் இதையே காட்டுகிறது. உடல் காயம், மோசடி, ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்த வாக்குறுதி, வேறு சட்டங்களை மீறியது ஆகியவை எஸ்.பி. 800-க்கு வெளியே என்று அதிலேயே இருக்கிறது. பால்கனி இடிந்து ஒருவர் கால் உடைந்தால் பழைய பொதுச்சட்ட வழக்கு இன்றும் செல்லும். வீட்டுச் சேதம் மட்டும் அந்த விதிவிலக்குப் பட்டியலில் இல்லை.

லிபர்டி மியூச்சுவல் தீர்ப்பும் அதைப் பின்பற்றியதும் இதற்கு முரணான அளவில் செல்லாது என்றானது. மெக்மில்லின் வழக்கு நிறுத்திவைக்கப்பட்டு, 37 வீடுகளுக்கும் நோட்டீஸ் நடைமுறையை முதலிலிருந்து ஆரம்பிக்க வழி விடப்பட்டது.

அந்த நடைமுறை உண்மையில் எப்படி நடக்கிறது

ஒரு படுக்கையறை ஜன்னல் ஓரம் மழைக்காலத்தில் ஈரம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் பில்டருக்குப் பதிவுத் தபாலிலோ கூரியரிலோ நேரிலோ நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் என்ன குறை என்று புரியும் அளவுக்கு விவரம் போதும், இஞ்சினியர் அறிக்கை வேண்டாம். நோட்டீஸ் கிடைத்தது என்று பில்டர் 14 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அடுத்த 14 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். சுவரைக் கொஞ்சம் பிரித்துச் சோதித்தால், 48 மணி நேரத்துக்குள் பழையபடி ஆக்கித் தர வேண்டும். அந்தச் செலவு பில்டருடையது. மறுபடி பார்க்க வேண்டுமென்றால் 40 நாள். பார்த்து முடித்த 30 நாளுக்குள் எழுத்தில் ஒரு முன்வைப்பு தரலாம்: எது குறை, எப்படிச் சரிசெய்யப்போகிறோம், யார் செய்வார்கள், அவருடைய உரிம எண் என்ன, எப்போது முடியும்.

வீட்டுக்காரருக்கு யோசிக்க 30 நாள். இங்கே ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. முதலில் மோசமாகக் கட்டியவரே திரும்ப வந்து கை வைப்பது பிடிக்கவில்லை என்றால், பில்டருக்குச் சொந்தமில்லாத, அந்தக் கவுண்டியில் தொழில் செய்கிற வேறு மூன்று ஒப்பந்தக்காரர்கள் வரை பெயர் தரும்படி கேட்கலாம். வேலை தொடங்க 14 நாள், 120 நாளுக்குள் முடிக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். ரிப்பேர் நடக்கும்போது வீட்டுக்காரரோ அவர் வக்கீலோ நின்று பார்க்கலாம், வீடியோ எடுக்கலாம். கேட்டால் பில்டர் மறுக்க முடியாது. நான் இந்தச் சட்டத்தில் மிகவும் ரசிப்பது பிரிவு 922-இல் உள்ள இந்த வரியைத்தான். சிமென்ட் பூசி மூடிய பிறகு உள்ளே என்ன செய்தார்கள் என்று பிற்பாடு யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது பிரிவு 926. ரிப்பேர் செய்ததற்குப் பதிலாக, இனி வழக்குப் போடமாட்டேன் என்ற விடுதலைப் பத்திரத்தைப் பில்டர் எழுதி வாங்கக் கூடாது. ரிப்பேர் சரியில்லை என்றால் கோர்ட்டுக்குப் போகும் உரிமை அப்படியே இருக்கும். ரிப்பேருக்குப் பதில் ரொக்கம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டால் மட்டும் பத்திரம் வாங்கலாம். இடைப்பட்ட காலத்தில் கெடுவும் ஓடாது. ஒவ்வொரு தரப்பும் எப்படி நடந்துகொண்டது என்பதை, மத்தியஸ்தப் பேச்சை மட்டும் தவிர்த்து, பிறகு கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டலாம்.

மாற்று ஒப்பந்தக்காரர், மத்தியஸ்தம் என்று போகாத நேர்வழியில், மேலே சொன்ன எல்லாக் கெடுவையும் கடைசி நாள் வரை இழுத்தாலும் மொத்தம் 262 நாள் ஆகிறது. ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. மெக்மில்லின் வழக்கில் இதைச் செய்ய வேண்டுமா வேண்டாமா என்று வாதாடியதிலேயே 2013 போய் 2018 வந்துவிட்டது.

பின் ஏன் அந்த வீட்டுக்காரர்கள் மறுத்தார்கள்? மனுக்களில் இதற்குப் பதில் இருக்காது, என் ஊகம்தான். 37 வீடுகள் சேர்ந்து நிற்பது பேரத்தில் பெரிய பலம். நோட்டீஸ் நடைமுறை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தனித்தனியாக நுழைகிறது. ஒருவருக்கு ஜன்னலை மாற்றிக்கொடுத்து, இன்னொருவருக்குக் காசு கொடுத்து, மூன்றாமவருக்குக் கூரையை ஒட்டுப்போட்டு என்று பில்டர் போகப் போக, கூட்டம் கரைகிறது. எங்கும் கூட்டு வழக்குகளை நடத்தும் வக்கீல்களுக்கு இது தெரிந்த விஷயம். 2018 நவம்பரில் கோலர் நிறுவனத்தின் குழாய்ப் பாகங்கள் பற்றிய வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், எஸ்.பி. 800-இன் கீழ் வரும் கோரிக்கைகளை மாநிலம் முழுவதற்குமான ஒட்டுமொத்த வழக்காக நடத்த முடியாது என்று சொன்னபோது அந்தக் கவலை இன்னும் உறுதியானது.

தீர்ப்பு சரியா என்று கேட்டால், சட்டத்தின் வாசகத்துக்கு இது ஒன்றே பொருள் என்று சொல்வேன். லிபர்டி மியூச்சுவல் அமர்வு இரக்கத்தில் சட்டத்தை வளைத்தது. ஆனால் அந்த அமர்வு கண்ட வலி நிஜம், அது தீரவில்லை. மின் இணைப்பு இயங்காததற்கு நாலு வருஷம் என்ற கெடு எனக்கு இன்னும் புரியாதது. மின்கம்பி சுவருக்குள் இருக்கிறது. நாலு வருஷம் மறைந்திருந்த குறை ஐந்தாவது வருஷம் வெளியே தெரிந்தால், பேரத்தில் தோற்றது யார்? பொதுச்சட்டத்தில் மறைந்திருக்கும் குறைக்குப் பத்து வருஷம் வரை வழி இருந்தது. விழாத சுவருக்கான உரிமையை வாங்கக் கொடுத்த விலை அதுதான். விலை நியாயமா என்று அன்று பேரம் பேசியவர்கள் இப்போது வீட்டுக்காரர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கலிபோர்னியாவில் புது வீடு வாங்கும் நம்மவர்கள் சட்டத்தைவிட இரண்டு நடைமுறைகளைத்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தோடு வந்த காகிதக் கட்டில், இந்த நோட்டீஸ் நடைமுறை உங்கள் உரிமையைப் பாதிக்கும் என்ற அறிவிப்பு இருக்கும், அதில் நீங்கள் கையொப்பமும் இட்டிருப்பீர்கள். அப்புறம், ஒழுகுகிறதே என்று அவசரப்பட்டு முதலில் ரிப்பேர் செய்துவிட்டுப் பிறகு பில்லை நீட்டக் கூடாது. 2014-இல் தீர்ப்பான, கே.பி. ஹோம் என்ற பில்டர் சம்பந்தப்பட்ட வழக்கில் காப்பீட்டு நிறுவனம் அப்படித்தான் செய்தது. பில்டருக்குத் தகவல் போனபோது வேலையே முடிந்திருந்தது. பார்க்கவும் சரிசெய்யவும் வாய்ப்பே தரவில்லை என்று அந்தக் கோரிக்கை தோற்றது.

சென்னையிலோ கோவையிலோ பிளாட் வாங்கியவர்களுக்கும் இதன் நிழல் தெரிந்திருக்கும். இந்தியாவின் 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தில், ரெரா என்கிறோமே, பிரிவு 14(3) சொல்வதும் இதேதான்: சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை காட்டினால், பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் நஷ்ட ஈடு. ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது. குழாயா கூரையா என்று பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் ஐந்து வருஷம் என்பது நமக்குச் சாதகம். ஆனால் யார் எப்போது வந்து பார்க்க வேண்டும், சோதனைக்குச் சுவரை உடைத்தால் யார் பூச வேண்டும், வீட்டுக்காரர் வேறு ஆளைக் கேட்கலாமா, வீடியோ எடுக்கலாமா என்பதெல்லாம் அந்தப் பத்தியில் கிடையாது. கலிபோர்னியாவில் நூறு வழக்கில் பழுத்த விவரங்கள் இவை.

மெக்மில்லின் தீர்ப்பு வந்ததும் பில்டர்கள் கொண்டாடினார்கள், வீட்டுக்காரர் பக்க வக்கீல்கள் முகம் சுளித்தார்கள். இரு தரப்பும் ஒரு வருஷம் முன்னால் வந்த இன்னொரு தீர்ப்பைக் கொஞ்சம் மறந்திருந்தார்கள். 28 வீடுகள் சேர்ந்த ஒரு வழக்கில் 2016 பிப்ரவரி 2-ஆம் தேதி பில்டருக்கு நோட்டீஸ் போனது. பில்டர் பிப்ரவரி 23-இல் பதில் எழுதினார்: குறைகள் போதிய விவரத்தோடு சொல்லப்படவில்லை. வீட்டுக்காரர் தரப்பு மூன்றே நாளில் திருப்பி எழுதியது: 14 நாள் கெடு தாண்டிவிட்டது, இனி உங்கள் நடைமுறை எங்களைக் கட்டாது. பில்டர் கேட்டபடி கீழ்க்கோர்ட் வழக்கை நிறுத்திவைத்தது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நோட்டீஸில் விவரம் போதவில்லை என்றால் அதையும் 14 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதவருக்கு ரிப்பேர் வாய்ப்பு கிடையாது என்றது. பில்டர் தவறவிட்டது ஏழு நாள்.